ரெண்டே ரெண்டு போன்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பெரியவன் ஓட்டல் வேலையை உதறிவிட்டு வந்ததைச் சொன்னேன். வாசகர்களில் பாதிப் பேர் "அவசரப்பட்டுவிட்டானே" என்று எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பேர் "இப்போதாவது துணிந்தானே" என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் இரண்டு கட்சிக்குமே மனசு கஷ்டப்படும். என்னைத் திட்டாதீர்கள். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. பெரியவன் கீபோர்டு வாசிப்பவன். பெரிய ஓட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில், சாப்பிட வந்தவர்களின் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் தினமும் வாசிக்க வேண்டிய உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம். யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே வாசிக்கிற வாசிப்பு என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அதோடு கூடவே சொந்தமாகப் பாட்டுப் போட்டு இணையத்தில் விட்டுக்கொண்டிருந்தான். பல வருஷமாகச் சீந்துவாரில்லை. அப்புறம் 'மாடிப்படி' என்கிற ஒரே ஒரு பாட்டு மெல்ல மெல்ல ஏறியது. தினம் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கை காட்டியது. உடனே நம் பெரியவன் ஐயா ஓட்டலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

அவன் வரவு செலவைப் பார்ப்பது தங்கை. வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பேர். பகலில் ஒரு மரக்கடையில் கணக்கு வேலை, மீதி நேரம் அண்ணன் கணக்கு. பாட்டுக்காரனுக்குப் பணம் குழாயைத் திறந்தால் கொட்டுவது போல வராது. மழை நாளில் கூரை ஒழுகுவது போல அங்கங்கே சொட்டும். விளம்பரத்துக்குப் போட்டுக் கொடுத்த அரை நிமிஷ ட்யூனுக்கு ஒரு தொகை, காலர் ட்யூனுக்குக் கொஞ்சம் சில்லறை, எப்போதாவது ஒரு மேடை. இணையத்தில் ஒருத்தர் ஒரு தடவை கேட்டால் காசில் ஒரு துணுக்கு, அதுவும் மூன்று மாசம் கழித்து. சொட்டுகிற இடத்திலெல்லாம் பாத்திரம் வைப்பது சின்னவள் வேலை. வரிக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு, மீதிதான் அடுத்த பாட்டுக்கு. அண்ணி வீட்டில் கீபோர்டு வகுப்பு நடத்திச் சேர்க்கிற பணம் மட்டும் தனிக் கணக்கில், சின்னவள் பொறுப்பில் இருக்கிறது. சொந்தமாக ஒரு கூரைக்கென்று வைத்திருக்கிற பணம் அது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சட்டம்.

பெரியவனுக்கு இப்போது ஒரே ஆசை. பெரிய மண்டபம் பிடித்து, டிக்கெட் போட்டு, தன் பாட்டை மட்டும் பாட வேண்டும். அதற்கு அந்தத் தனிக் கணக்கை உடைக்க வேண்டும். ஓட்டல் மேனேஜர் வேறு நல்ல மனுஷராக இருந்து தொலைத்தார். "கோபத்துல போயிட்டே, பரவாயில்லை, திரும்பி வா. வேற ஆள் காத்துக்கிட்டிருக்கான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு" என்று கூப்பிட்டிருந்தார். ஆக, ஓட்டலா மண்டபமா என்று இன்றைக்கு முடிவாக வேண்டும்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. பாட்டு சம்பந்தமாக அப்பாவிடம் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. பேசினால், "அதுல என்ன வருது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். இதுவரை யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை.

*

சின்னவள் மேஜைமேல் படிந்திருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போனில் அந்த அறிவிப்பு வந்தது. பாட்டுகளை இணையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்பெனி அனுப்பியது. 'மாடிப்படி' பாட்டுக்கு வந்த எண்ணிக்கை செயற்கையானது. ஒரே இடத்தில், ஒரே இணைப்பில், கருவிகளை வைத்து ஓட்டப்பட்டிருக்கிறது. சேர வேண்டிய பணம் நிறுத்தப்படுகிறது. பாடகரின் எல்லாப் பாட்டுகளும் நீக்கப்படுகின்றன. இப்படி நாலு வரிதான். வருந்துகிறோம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

படித்து முடிப்பதற்குள் அண்ணன் கூப்பிட்டான்.

"பார்த்தியா?"

"பார்த்தேண்ணா."

"செயற்கையாக் கேட்டாங்களாம். காது என்ன பிளாஸ்டிக்கா?"

"மெஷின் வச்சு ஓட்டியிருக்காங்கன்னு சொல்றாங்கண்ணா. யாரோ எண்ணிக்கையை ஏத்தியிருக்காங்க."

"யாரோ என்ன யாரோ. லைக்குதான். விளம்பரம் பண்றேன்னு என்கிட்ட வாங்கிட்டுப் போனானே, அந்தக் காசுல எவன்கிட்டயோ போய் வாங்கியிருக்கான். இன்னிக்கு அவனை நான் சும்மா விடறதா இல்ல."

லைக்கு என்பவன் அண்ணியின் தம்பி. பெரியவன் பாட்டுக்கு இணையத்தில் விளம்பரம் பார்க்கிறவன். எதிரே வந்தால் "சாப்பிட்டீங்களா" என்பதற்கு முன்னால் "லைக் போட்டீங்களா" என்பான். அதுவே பேராகிவிட்டது. வாய்தான் பெரிசு, வஞ்சம் கிடையாது.

"அவசரப்படாதேண்ணா. நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். அண்ணன் அதற்குள் வைத்துவிட்டான்.

சின்னவள் தினக்கணக்கைத் திறந்தாள். பாட்டு ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஓடியது என்று மேலும் கீழுமாகப் போகிற கோடு. மாசக்கணக்காக அவள் ஆசையோடு பார்த்துவந்த கோடுதான். வாரத்தில் ஒரு நாள் அது தரையைத் தொடும். "வார லீவுல ஜனங்க ஊர் சுத்தப் போயிடுவாங்கண்ணா" என்று விளக்கம் சொன்னவள் அவள்தான். ராத்திரியில் தரை. "இது வேலை செஞ்சுக்கிட்டே கேக்கற பாட்டு" என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். நடுவில் ஒரு வாரம் முழுசாகப் படுத்திருந்தது. மழை என்றாள்.

அந்த வாரம் மழை இல்லை. அந்த வாரம் முதுகு பிடித்துக்கொண்டு அப்பா வீட்டில் படுத்திருந்தார். அவருடைய செல்போன் கடை திறக்கவில்லை. வார லீவிலும் ராத்திரியிலும் அது மூடித்தான் கிடக்கும்.

சின்னவள் கோட்டை மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். கணக்கில் கெட்டிக்காரி என்று மரக்கடை முதலாளி நாலு பேர் முன்னால் புகழ்கிற பெண். கண்ணெதிரே இருந்ததைப் படிக்கத் தெரியாமல் இத்தனை மாசம் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேதியை யார்தான் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள்? தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார்ந்து, அறிவிப்போடு வந்த விவரத்தில் அந்த ஒரே இணைப்பிலிருந்து ஓடியதைக் கழித்துவிட்டு மீதியைப் பார்த்தாள். அப்புறம் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள்.

*

அப்பா செல்போன் பழுது பார்க்கிறவர். ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடுகிற கடை. முன்னால் கண்ணாடி மேஜை, அதன்மேல் பற்றவைக்கிற சூட்டுக்கோல், பாட்டில் மூடிகளில் பிரித்துப் போட்ட பொடி ஸ்க்ரூக்கள். பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் பழைய சாமான் என்று சொல்வார். யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

இன்றைக்கு அவர் ரவுட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாப்பா, இந்நேரத்துல? மரக்கடை லீவா?"

"நீங்க என்ன பண்றீங்கப்பா?"

"காலைல இருந்து நெட்டு சரியில்ல. எல்லாம் அப்படியே நின்னு போச்சு."

"எல்லாம்னா?"

அப்பா ரவுட்டரின் மூடியைத் தேட ஆரம்பித்தார். சின்னவள் அவரைத் தாண்டிப் போய்த் திரையை விலக்கினாள்.

தரையிலிருந்து மேல் தட்டு வரைக்கும் போன்கள். பழுதுக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டவர்கள் திரும்பி வாங்காமல் விட்டவை. விரிசல் விழுந்தது, மூலை உடைந்தது, பொத்தான் இல்லாதது. எல்லாவற்றுக்கும் சார்ஜர் வயர் போயிருந்தது. எல்லாத் திரையிலும் அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பாட்டின் படம் அதுதான். பாட்டு மட்டும் ஓடவில்லை.

"ஏம்ப்பா?"

அப்பா சூட்டுக்கோலை எடுத்து அதன் தாங்கியில் வைத்தார். அது ஏற்கெனவே தாங்கியில்தான் இருந்தது.

"ஸ்பீக்கர் மாத்தினா ஒரு பாட்டுப் போட்டுப் பார்க்கணும் பாப்பா. எவன் பாட்டையோ போடறதுக்கு நம்ம பையன் பாட்டைப் போடுவோமேன்னு போட்டேன். அப்படித்தான் ஆரம்பிச்சுது. ஒருநாள் நீ சாப்பிடறப்ப சொன்னே, 'அண்ணா, இன்னிக்கு முப்பது பேர் கேட்டிருக்காங்க'ன்னு. எனக்குத் தெரியும், அதுல முக்கால்வாசி என் கடை ஸ்பீக்கர். ஆனா அவன் அன்னிக்கு இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கிட்டான். நீ பார்க்கலை. நான் பார்த்தேன்."

சின்னவள் தட்டிலிருந்து ஒரு போனை எடுத்துப் பார்த்தாள்.

"மறுநாள் பழைய போன்ல நாலைத் தட்டி எழுப்பினேன். அதுக்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். ஒவ்வொண்ணும் பேர் குடு, பேர் குடுன்னு கேட்டுச்சு. நம்ம சொந்தக்காரங்க பேரெல்லாம் போட்டேன். உங்க பெரியப்பா, உங்க அத்தை, அந்த வெளியூர்க்காரங்க. இவன் மேடைக்கு ஒரு நாள் வந்திருப்பாங்களா? பேராவது கேட்கட்டுமேன்னு போட்டேன்."

"அப்பா..."

"உங்கம்மா பேர்லயும் ஒண்ணு இருக்கு. எல்லாத்துக்கும் சத்தத்தைக் குறைச்சிடுவேன். அது ஒண்ணுக்கு மட்டும் கொஞ்சம் வச்சிருப்பேன்."

அம்மா போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. மகன் போட்ட முதல் பாட்டைக்கூடக் கேட்டதில்லை. சின்னவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது. இப்படி ஒரு மனுஷரை என்ன செய்வது?

"இது பெரிய தப்புப்பா. கண்டுபிடிச்சுட்டாங்க. வர வேண்டிய பணத்தை நிறுத்திட்டாங்க. பாட்டெல்லாம் எடுத்துட்டாங்க. அதான் நின்னு போச்சு, நெட்டு நல்லாத்தான் இருக்கு."

"எல்லாத்தையுமா? நான் ஓட்டினது ஒரு பாட்டுதானே?"

"எல்லாத்தையும்."

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் போய்ப் பேசறேன். வயசான ஆளு, விஷயம் தெரியாமப் பண்ணிட்டேன்னு கால்ல விழறேன். ஆபீஸ் எங்க இருக்கு?"

"அங்க கால்ல விழறதுக்கு ஆளே இல்லைப்பா. மெஷின்தான் கண்டுபிடிச்சுது, மெஷின்தான் கடுதாசி போட்டிருக்கு. அண்ணன் லைக்குதான் பண்ணான்னு நினைச்சுக் கொதிச்சுப் போய் இருக்கான். அண்ணி குடும்பத்தோட பெரிய சண்டையாயிடும். நீங்க வந்து சொல்லிடுங்க."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்.

"என் போனுங்கள்ல ஓடினதைக் கழிச்சா?"

"என்ன?"

"மீதி எவ்வளவு பேர் கேட்டிருக்காங்க?"

பஸ்ஸில் பார்த்ததை அவள் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னாள். "ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு."

"உன்னையும் சேர்த்தா?"

"என்னையும், அண்ணியையும், லைக்குவையும் சேர்த்து."

அப்பா எழுந்து திரையை மூடினார். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "நான்தான் பண்ணேன்னு சொல்லிடறேன். யாரும் கேக்கலைன்னு மட்டும் அவனுக்குச் சொல்லாதே."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

அப்பா வெளியே வந்தார். பட்டப்பகலில் ஷட்டரை இறக்கிப் பூட்டினார்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் சின்னவள் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உண்மை தெரிந்தால் அண்ணன் உடைந்துபோவான். ஆனால் உடைந்தாலும் ஓட்டலுக்குப் போன் பண்ணுவான். மேனேஜர் காத்துக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறது. மாதச் சம்பளம் இருக்கிறவன் எப்படியாவது எழுந்து நிற்பான். இதை அப்பாவிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருந்தால் இந்த அத்தியாயத்தை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

*

வீட்டு வாசலிலேயே சத்தம் கேட்டது. வகுப்புப் பிள்ளைகளை அண்ணி பாதியில் அனுப்பியிருந்தாள். கூடத்தில் கீபோர்டுகள் மூடாமல் கிடந்தன. லைக்கு சுவரோரம் நின்றிருந்தான், கண்ணெல்லாம் சிவந்து.

"அத்தான், நான் பண்ணலை. எங்க அக்கா மேல சத்தியமா பண்ணலை. நீங்க குடுத்த காசுக்கு ஒவ்வொண்ணுக்கும் பில் வச்சிருக்கேன்."

"பில்லு அடிக்கவும் ஒரு மெஷின் வச்சிருப்பே. உன்னை நம்பி வேலையை விட்டேன்டா நான். என் பாட்டை எல்லாம் அழிச்சுட்டியேடா."

"ஒரு வார்த்தை விசாரிச்சீங்களா?" என்று அண்ணி குறுக்கே வந்தாள். அவள் குரலை உயர்த்துகிறவள் இல்லை. இன்றைக்கும் உயர்த்தவில்லை. "என் தம்பியைத் திருடன்னு சொல்லிட்டீங்க. சொன்ன வாயால இனிமே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. நான் அவனோட கிளம்பறேன்."

"கிளம்பு. அக்கா தம்பி ரெண்டு பேருமாச் சேர்ந்து..."

"வாயை மூடுடா," என்றார் அப்பா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடை நேரத்தில் அப்பாவை வீட்டில் பார்ப்பது அபூர்வம்.

"அந்தப் பையனை விடு. அவன் ஒண்ணும் பண்ணலை. நான்தான் ஓட்டினேன். கடையில போனை வச்சு."

பெரியவனுக்குப் புரியவில்லை. "என்ன ஓட்டினீங்க?"

"உன் பாட்டைத்தான். மாடிப்படி. தினம் ஓட்டுவேன். தப்புன்னு எனக்குத் தெரியாது."

 பெரியவன் அப்பாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், மறுபடியும் அப்பாவைப் பார்த்தான். அவன் கேட்டது சின்னவள் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"நீங்க என் பாட்டைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"பிடிச்சிருந்துதாப்பா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நல்லாயிருந்துச்சு. அந்த நடுவுல நிறுத்தி மறுபடி ஆரம்பிப்பியே, அது ரொம்ப நல்லாயிருந்துச்சு."

முப்பது வயதைத் தாண்டிய ஆண்பிள்ளை, தங்கையும் பெண்டாட்டியும் மச்சினனும் பார்க்க, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறந்ததிலிருந்து அவன் காத்திருந்த வார்த்தை அது. அது வந்த நேரத்தைப் பாருங்கள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதோ, இப்போது எண்ணிக்கையைச் சொல்வார், இவன் உட்கார்ந்துவிடுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டலுக்கு நம்பரைப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான் என்று தயாரானாள்.

பெரியவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: "எத்தனை போன்ப்பா?"

அப்பா மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்து வருஷக்கணக்காகியிருக்கும்.

"ரெண்டு," என்றார். "ரெண்டே ரெண்டு போன்."

சின்னவளுக்குக் காதில் விழுந்தது மனசில் ஏறச் சற்று நேரமாயிற்று.

"ரெண்டா?" பெரியவன் சிரித்தே விட்டான். "ரெண்டு போனுக்கா இந்தக் கம்பெனிக்காரன் இப்படிக் குதிக்கிறான்? நான் என்னமோ எல்லாமே பொய்யின்னு நினைச்சு... காலைல இருந்து எனக்கு உயிரே இல்லப்பா. ஏய், கணக்கு உன்கிட்டதானே இருக்கு? ரெண்டு போன்ல ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும்?"

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை. அவர் கை சட்டை நுனியைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"அதிகம் ஓடாதுண்ணா."

"அப்ப மீதியெல்லாம்?"

அவள் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"மீதியெல்லாம் ஆளுங்கதாண்ணா," என்றாள்.

*

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. பெரியவன் லைக்குவைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டான். லைக்கு அழுதான், அப்புறம் சிரித்தான், அப்புறம் ஒரு யோசனையும் சொன்னான். "அத்தான், பாட்டை எடுத்துட்டாங்கன்னா கேட்டுக்கிட்டிருந்தவங்க எல்லாம் எங்க போவாங்க? நேர்லதானே வரணும்? இதைவிட நல்ல நேரம் கிடைக்காது."

"அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றான் பெரியவன். போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"சார், நான்தான். இல்ல சார், வரலை. யோசிச்சுட்டேன் சார். நீங்க அந்த ஆளையே போட்டுக்கோங்க. ரொம்ப தேங்க்ஸ் சார், நீங்க கூப்பிட்டதே பெரிசு. ஆனா இனிமே பேசறவங்க நடுவுல என்னால வாசிக்க முடியாது. எனக்குன்னு கேக்கற ஆளுங்க இருக்காங்க."

வைத்தான். "மண்டபத்தைப் பேசிட்டு வந்துடறோம். முன்பணத்தை அனுப்பிடு, என்ன?" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, பெண்டாட்டியைப் பார்த்துக் கை இரண்டையும் கூப்பினான். அவள் திறந்து கிடந்த கீபோர்டுகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனுக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. லைக்குவின் பைக் கிளம்பித் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது.

அப்பா இன்னும் நின்றபடியே இருந்தார்.

"என்ன பாப்பா அது? ஓட்டல்ல திரும்பக் கூப்பிட்டாங்களா?"

"ஆமாப்பா. இன்னிக்குள்ள சொல்லணும்னு இருந்துச்சு."

"எனக்கு யாரும் சொல்லலையே."

அவர் மெதுவாக ஒரு கீபோர்டு முன்னால் கிடந்த சிறுபிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். கை தெரியாமல் கட்டைகளின்மேல் பட்டு ஏதோ ஒரு சுரம் அலறியது. பதறிக் கையை எடுத்துக்கொண்டார்.

அண்ணி கீபோர்டுகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வந்தாள். "எத்தனை போன்?" என்று கேட்டாள்.

"ரெண்டுதாம்மா," என்றார் அப்பா.

"நான் உங்களைக் கேக்கலை மாமா."

சின்னவளால் அதற்குமேல் முடியவில்லை. "ஒரு அலமாரி முழுக்க அண்ணி. அதைக் கழிச்சா பத்துப் பன்னிரண்டு பேர். அதுல நாமளே மூணு." சொல்லிவிட்டு அவசரமாகச் சேர்த்தாள்: "நான் ஓட்டலுக்குப் போன் பண்றேன் அண்ணி. கெஞ்சிக் கேக்கறேன். அண்ணன் வந்ததும் உண்மையைச் சொல்லிடலாம். உங்க பணம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பைக் போன தெருவில் இப்போது யாரும் இல்லை.

"ஓட்டல்ல இருந்து வந்தா அந்த மனுஷன் எப்படி இருப்பார்னு உனக்குத் தெரியாது. நீ கணக்கை மட்டும்தான் பார்த்தே. செருப்பைக்கூடக் கழட்டாம இந்த நாற்காலியில உட்கார்ந்துடுவார். சாப்பிடுங்கன்னா பசிக்கலைம்பார். இந்தப் பாட்டு ஏறினதுக்கப்புறம்தான் வீட்டுக்குள்ள நுழையறப்பவே ஏதாவது முணுமுணுத்துக்கிட்டு வர்றார். அதை நான் எப்படிப் பிடுங்கறது?"

"மண்டபத்துல ஆளே வராது அண்ணி. அன்னிக்குத் தெரிஞ்சுதானே போகும்?"

"அன்னிக்குத் தெரியட்டும். இன்னிக்கு வேண்டாம். பணத்தை அனுப்பிடு."

"சொந்தக் கூரை..."

"அனுப்பிடுன்னு சொல்றேன்ல."

சின்னவள் அனுப்பினாள். வகுப்பு வகுப்பாகச் சேர்த்த பணம், கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டியதும் போய்விட்டது.  

 அண்ணி உள்ளே போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். கொதிப்பதற்குள் போன் அடித்தது. அண்ணன்தான். பின்னால் லைக்குவின் சிரிப்பு கேட்டது, பெரிய வெறும் கூடத்தில் பேசுகிற மாதிரி எல்லாச் சத்தமும் எதிரொலித்தது.

"ஏய், பணம் வந்துருச்சு. மண்டபம் பிரமாதமா இருக்கு, சுவரெல்லாம் மரம், குரல் அப்படியே நிக்குது. மண்டபக்காரர் ஒண்ணு கேக்கறார். முதல் தடவைங்கறதால பாதி டிக்கெட் மட்டும் அடிச்சுப் பார்க்கலாமாங்கறார். நீ கணக்குப் பார்த்துச் சொல்லு. நீ சொன்னா சரியா இருக்கும்."

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். சமையலறை வாசலில் அண்ணி வந்து நின்றாள். பாதி என்றால், ஏன் பாதி என்று அவன் கேட்பான்.

"முழுசா அடிச்சிடுண்ணா," என்றாள்.